இறாலுக்குத் தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை: பண்ணைக் குட்டைகளில் நோயை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கொரோனா காலத்தில் நாம எல்லாரும் சில வார்த்தைகளைக் கற்றுக்கொண்டோம். பி.சி.ஆர். பரிசோதனை, குவாரன்டைன், அறிகுறியே இல்லாத தொற்று, கூட்டம் கூடாமல் இருப்பது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் இறால் வளர்ப்பவர்களுக்கு இந்த வார்த்தைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழக்கம். குட்டையில் குஞ்சு விடும் முன் பி.சி.ஆர். பார்ப்பது அவர்களுக்கு விதைநெல் பார்த்து வாங்குவது மாதிரி.

ஏன் இவ்வளவு கவனம்? பணக் கணக்கைப் பார்த்தாலே புரியும். 2024-25 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு சுமார் ரூ.62,408 கோடி. அதில் உறைந்த இறால் மட்டும் ரூ.43,334 கோடி, அதாவது ஏறக்குறைய 69 சதவீதம். இந்த இறாலில் பெரும்பகுதி கடலில் வலை போட்டுப் பிடித்தது இல்லை, குட்டைகளில் வளர்த்தது. அதிலும் பெரும்பங்கு ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வருகிறது. வளர்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 2 ஹெக்டேருக்கும் குறைவான குட்டை வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்கள்.

இந்தத் தொழிலில் நோயால் ஏற்படும் இழப்பு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் என்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிபா) விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டார்கள். இழப்பு பெரிய கம்பெனிகளின் கணக்கில் மட்டும் விழுவதில்லை. தீவனக் கடைக்காரரிடம் கடன் சொல்லி, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு மாதம் ராத்தூக்கம் இல்லாமல் குட்டையைக் காத்தவரின் தலையில் விழுகிறது.

இறாலுக்கு நோய் வந்தால் என்ன ஆகும், ஏன் மருந்து வேலை செய்யாது, பண்ணையாளர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஏன் தடுப்பூசி போட முடியாது?

நமக்கு ஒரு தடவை அம்மை வந்தால், உடம்பு அந்தக் கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே கிருமி வந்தால் அதற்கென்றே ஆன்டிபாடி தயாராகிறது. தடுப்பூசி வேலை செய்வது இந்த ஞாபகத்தை வைத்துத்தான். மீன்களுக்கும் ஓரளவு இந்த வசதி உண்டு. அதனால்தான் நார்வேயில் சால்மன் மீனுக்கு ஊசி போடுகிறார்கள்.

இறாலுக்கு முதுகெலும்பு கிடையாது, ஆன்டிபாடியும் கிடையாது. அதன் உடம்பில் இருப்பது பொதுவான தற்காப்பு மட்டும்தான். மேலே கெட்டியான ஓடு, உள்ளே கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கும் ரத்த அணுக்கள், காயத்தைக் கறுக்கச் செய்து மூடும் நொதிகள். யார் வந்தாலும் ஒரே மாதிரி எதிர்க்கும் காவல்காரர் போல. ஆய்வகங்களில் வேறு வழிகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் பண்ணையில் பரவலாகப் பயன்படுத்தும் அளவுக்கு ஒரு இறால் தடுப்பூசி இன்றுவரை இல்லை.

இன்னொரு சிக்கல், குட்டை என்பது எப்படிப்பட்ட இடம் என்பது. கோழிப்பண்ணையில் ஒரு கோழி சோர்ந்து உட்கார்ந்தால் கண்ணில் படும். தனியே பிரித்து வைக்கலாம். கலங்கிய தண்ணீருக்குள் இருக்கும் நான்கு லட்சம் இறாலில் நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதோடு, செத்த இறாலை மற்ற இறால்கள் தின்றுவிடும். ஒன்றின் உடம்பில் இருந்த கிருமி அப்படியே பத்தின் வயிற்றுக்குள் போகும்.

1994: வெள்ளைப்புள்ளி வந்த கதை

1990-களின் தொடக்கத்தில் இந்தியக் கடலோரத்தில் டைகர் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. நெல்வயல்கள்கூட குட்டைகளாக மாறின. கிழக்கு ஆசியாவில் 1992 வாக்கில் தலைகாட்டிய ஒரு வைரஸ், 1994-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அதுதான் வெள்ளைப்புள்ளி நோய்.

நோய் வந்த இறால் தீவனம் எடுப்பதை நிறுத்தும். சோர்ந்துபோய் கரையோரம் ஒதுங்கும். உடம்பு சிவக்கலாம். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உட்புறம் அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அறிகுறி தெரிந்த 3 முதல் 10 நாட்களுக்குள் குட்டை மொத்தமும் காலியாகிவிடலாம்.

இந்த வைரஸுக்கு இறால் மட்டும்தான் வீடு என்றில்லை. நண்டு, காட்டு இறால், சிறு ஓட்டுயிரிகள் என்று பலவற்றில் இது தங்கும். நண்டு சாகாமலே சுமந்து திரியும். வாய்க்கால் வழியாக ஒரு நண்டு குட்டைக்குள் ஏறி வந்தாலே போதும். தாய் இறாலிடமிருந்து குஞ்சுக்கும் இது போகும். அந்தக் காலத்தில் தாய் இறால்கள் கடலில் பிடிக்கப்பட்டவை. கடலில் இருந்து வரும் தாய்க்குள் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு சூதாட்டம்தான்.

தட்பவெப்பமும் கை கொடுக்கும் அல்லது காலை வாரும். தண்ணீர் சூடு 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போது இந்த வைரஸின் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மழை பெய்து, குளிர்ந்து, உப்புத்தன்மை சட்டென்று இறங்கும்போது இறால் தளர்ந்துபோகிறது, வைரஸ் வேகமெடுக்கிறது. குளிர் மாதங்களில் போடும் பயிருக்கு ஆபத்து அதிகம் என்று பண்ணையாளர்கள் சொல்வதற்குக் காரணம் இது.

நீலாங்கரையில் ஒரு குவாரன்டைன்

டைகர் இறால் தொடர்ந்து அடிவாங்கியதால் இந்தியா 2009-ல் வேறொரு இறாலுக்குப் பெரிய அளவில் அனுமதி கொடுத்தது. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறால். இன்று நீங்க ஆன்லைனில் ஆர்டர் செய்யும் இறாலில் பெரும்பாலும் இதுதான்.

வனாமியின் பெரிய பலம், அதை 'எஸ்.பி.எஃப்.' தாய் இறாலாக வாங்க முடியும் என்பது. குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லை என்று பல தலைமுறையாகச் சோதித்து, மூடிய வசதிகளில் வளர்த்த இறால் என்று அதற்கு அர்த்தம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் இந்தத் தாய் இறால்கள், சென்னை நீலாங்கரையில் இருக்கும் நீர்வாழ் உயிரினக் குவாரன்டைன் மையத்தில் தங்கி, பரிசோதனையில் தேறிய பிறகுதான் குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. ஒரு நாட்டின் இறால் தொழில் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். பண்ணையாளர்கள் 'ஹேச்சரி' என்று சொல்லும் பொரிப்பகங்கள் பல தமிழ்நாட்டின் மரக்காணம் பகுதியிலும் ஆந்திரக் கடலோரத்திலும் உள்ளன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். எஸ்.பி.எஃப். என்றால் 'நோய் வராத இறால்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 'இப்போது இந்தக் கிருமிகள் இதனிடம் இல்லை' என்பது மட்டும்தான் அதன் பொருள். அசுத்தமான குட்டையில் விட்டால் அதற்கும் நோய் வரும். நோயைத் தாங்கும் குணம் கொண்ட இறாலுக்கு 'எஸ்.பி.ஆர்.' என்று வேறு பெயர் உண்டு. பட்டியலில் இல்லாத புதுக் கிருமி ஒன்று வந்தால் எஸ்.பி.எஃப். சான்றிதழும் காப்பாற்றாது. இ.எச்.பி. விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

கொல்லாமலே நஷ்டம் கொடுக்கும் இ.எச்.பி.

முழுப்பெயர் என்டெரோசைட்டோசூன் ஹெபட்டோபெனெய். வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பூஞ்சைக்கு நெருங்கிய உறவான நுண்வித்து ஒட்டுண்ணி. 2009-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். இந்திய வனாமிப் பண்ணைகளில் இருப்பது 2016-ல் வெளியான ஆய்வில் உறுதியானது.

இது இறாலின் கல்லீரல் கணையத்துக்குள் புகுந்துகொள்கிறது. தின்றதைச் செரித்துச் சத்தாக மாற்றும் உறுப்பு அது. விளைவு, இறால் சாகாது, ஆனால் வளராது. தினமும் தீவனம் போகும், மின்சாரம் போகும், கூலி போகும். எடை மட்டும் ஏறாது.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் குட்டை, அதாவது 10,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 40 குஞ்சு என்று விட்டால் 4 லட்சம் குஞ்சு. அதில் 80 சதவீதம் பிழைத்தால் 3.2 லட்சம் இறால். ஒவ்வொன்றும் 25 கிராம் வந்தால் 8 டன் அறுவடை. சந்தை மொழியில் இது '40 கவுன்ட்', அதாவது கிலோவுக்கு 40 இறால். அதே குட்டையில் இ.எச்.பி. வந்து, அதே நாட்களில் 12.5 கிராமில் நின்றுவிட்டால்? எண்ணிக்கை அதேதான், எடை 4 டன்தான். கவுன்ட் 80. கவுன்ட் கூடக்கூட கிலோ விலை குறையும் என்பதால் வருமானம் பாதிக்கும் கீழே போகும். செலவோ கிட்டத்தட்ட அதேதான்.

வெள்ளைப்புள்ளி வந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இ.எச்.பி. வந்தால், 'இன்னும் பத்து நாள் பார்ப்போம், வளர்ந்துவிடும்' என்று தீவனம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சிபா ஆய்வில் வெள்ளைப்புள்ளியைவிட இ.எச்.பி. தரும் பண இழப்பு அதிகம் என்று தெரியவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இ.எச்.பி. உள்ள குட்டைகளில் பல நேரம் 'வெள்ளைக் கழிச்சல்' என்ற பிரச்சினையும் சேர்ந்து வருகிறது. காற்று அடிக்கும் திசையில் குட்டையின் மூலையில் வெள்ளை நூல் மாதிரி கழிவு மிதக்கும். கழிவில் இருக்கும் நுண்வித்துகளை மற்ற இறால்கள் தின்னும்போது தொற்று பரவுகிறது. நுண்வித்துகளுக்குத் தடித்த சுவர் உண்டு. குட்டையைச் சும்மா நான்கு நாள் வெயிலில் காயப் போட்டால் இவை சாகாது.

சரி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தா போதாதா?

மூன்றாவது பெரிய எதிரி வைப்ரியோ வகை பாக்டீரியாக்கள். உப்புத் தண்ணீரில் இவை எப்போதும் இருப்பவைதான். குட்டையின் அடியில் மீந்த தீவனமும் கழிவும் சேர்ந்து அழுகும்போது இவை பெருகும். இவற்றில் வைப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற இனத்தின் சில வகைகள் ஒரு நச்சு மரபணுவைச் சுமக்கின்றன. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இறாலைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் 'இ.எம்.எஸ்.' நோய்க்கு அதுதான் காரணம் என்று 2013-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சீனா, வியட்நாம், தாய்லாந்து, மெக்சிகோ என்று பல நாட்டு இறால் உற்பத்தியை அந்த நோய் உலுக்கியது.

பாக்டீரியா என்றதும் ஆன்டிபயாட்டிக் ஞாபகம் வருவது சகஜம். பண்ணைகளிலும் அந்த ஆசை வந்தது. ஆனால் முதல் விஷயம், வெள்ளைப்புள்ளி வைரஸுக்கும் இ.எச்.பி. ஒட்டுண்ணிக்கும் ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது, தண்ணீரில் கொட்டும் மருந்தில் பெரும்பகுதி இறாலுக்குள் போவதே இல்லை. அது சேற்றில் தங்கி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்க்கிறது. அந்தத் தண்ணீர் நம் கழிமுகத்துக்கும் கடலுக்கும்தான் போகிறது.

மூன்றாவது, வாங்குபவர்கள் விடமாட்டார்கள். குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகள் உணவுக்கான விலங்குகளில் முற்றாகத் தடை செய்யப்பட்டவை. குளோராம்ஃபெனிக்கால் சிலருக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது என்பதால் 'கொஞ்சம் இருக்கலாம்' என்ற அளவே அதற்குக் கிடையாது. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்கில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. இரண்டு கன்டெய்னரில் ஒன்றைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு குட்டையில் ஒருவர் போட்ட மருந்து, ஒரு நாட்டின் பெயரையே கெடுக்கும்.

இந்தியச் சட்டமும் இதைத் தடுக்கிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தில் 2023-ல் வந்த திருத்தம், பண்ணையிலும் பொரிப்பகத்திலும் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைத் தடை செய்வதை வெளிப்படையாகவே சொல்கிறது.

அப்போ என்னதான் செய்யலாம்?

மருந்து இல்லாத நோய்க்கு ஒரே வழி, அதை உள்ளே விடாமல் இருப்பது. பண்ணையாளர் செய்யும் வேலைகளில் முக்கியமானவை குஞ்சு விடுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், குட்டையைத் தயார் செய்வது. முந்தைய பயிரின் கறுப்புச் சேற்றை அள்ளி வெளியே போட வேண்டும். மண் வெடிப்பு விடும்வரை காயப் போட வேண்டும். இ.எச்.பி. இருந்த குட்டை என்றால் அது போதாது. தாய்லாந்து அனுபவத்திலிருந்து வந்த பரிந்துரை, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழம் உழுது, ஈரப்படுத்துவது. மண்ணின் பி.எச். 12 வரை ஏறி இரண்டு நாளாவது நின்றால்தான் நுண்வித்து செயலிழக்கும். செலவு அதிகம்தான். அதனால் பலர் கால்வாசி அளவு போட்டுவிட்டு நிம்மதியடைகிறார்கள். நுண்வித்தும் நிம்மதியாக இருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். வாய்க்காலில் இருந்து நேராகக் குட்டைக்கு விடக் கூடாது. மெல்லிய வலைப்பை வழியாக வடிகட்டி, தனிக் குட்டையில் தேக்கி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். வழக்கமான அளவு 60 பி.பி.எம். ஒரு ஹெக்டேரில் 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு இது சுமார் 600 கிலோ. குளோரின் அடங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீர் வளர்ப்புக் குட்டைக்குப் போகும்.

மூன்றாவது, வேலி. குட்டையைச் சுற்றி நண்டு ஏறாத பிளாஸ்டிக் தடுப்பு. மேலே பறவை வராமல் நூல் அல்லது வலை, ஏனென்றால் நோயுள்ள இறாலைக் கவ்விக்கொண்டு வரும் நீர்க்காகம் அதை அடுத்த குட்டையில் போட்டுவிடலாம். குட்டைக்குக் குட்டை தனி வலை, தனி வாளி. உள்ளே வருபவர் கை கால் கழுவ மருந்துத் தண்ணீர்.

நான்காவது, குஞ்சு. ஆணையத்தில் பதிவுபெற்ற பொரிப்பகத்தில் வாங்கி, பி.சி.ஆர். பார்க்க வேண்டும். இங்கே ஒரு புள்ளிவிவர நுணுக்கம் இருக்கிறது. லட்சக்கணக்கான குஞ்சில் 150 எடுத்துச் சோதித்தால், 2 சதவீதமாவது தொற்று இருந்தால் அதை 95 சதவீத நம்பிக்கையுடன் பிடிக்கலாம். தொற்று அதற்கும் குறைவாக இருந்தால் தப்பிவிடக்கூடும். 'நெகட்டிவ்' என்ற தாளை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, நெரிசல். வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுதான் உச்சவரம்பு என்று ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. கூட்டம் கூடினால் கழிவு கூடும், ஆக்சிஜன் குறையும், தொற்று வேகமாகும். விலை நன்றாக இருக்கும் ஆண்டில் இந்த வரம்பை மீறும் ஆசைதான் அடுத்த ஆண்டு நோயாக வருகிறது.

குஞ்சு விட்ட பிறகு தினசரிக் கவனம். தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. பாசி ராத்திரியில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அது அடிமட்டத்துக்கு இறங்கும். ஏரேட்டர் ஓடும் சத்தம் நின்றால் பண்ணையாளர் தூக்கத்தில் இருந்து எழுந்துவிடுவார். தீவனம் போட்ட பிறகு 'செக் ட்ரே'யைத் தூக்கிப் பார்ப்பார்கள். தீவனம் மீந்திருக்கிறதா, குடல் நிறைந்திருக்கிறதா, கழிவு என்ன நிறம்? தண்ணீர் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து, தட்டில் பச்சைப் புள்ளியாக வளரும் வைப்ரியோ எத்தனை என்று எண்ணச் சொல்வார்கள். பச்சை கூடினால் தீவனத்தைக் குறைத்து, அடிக்கழிவை வெளியேற்றுவார்கள்.

மதகைத் திறக்கலாமா?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலின் மிகக் கடினமான முடிவு அந்தக் காலையில்தான் எடுக்கப்படுகிறது.

இறால் ஓரளவு பெரிதாக இருந்தால் உடனே அறுவடை செய்து கிடைத்த விலைக்கு விற்கலாம். வேகமாக அறுவடை செய்ய எளிய வழி மதகைத் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விடுவது. ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் அந்த வாய்க்கால்தான் பக்கத்துக் குட்டைக்காரருக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. அவர் அன்று சாயங்காலம் மோட்டார் போட்டால், வைரஸையும் சேர்த்தே இறைக்கிறார்.

விதி என்ன சொல்கிறது? இறாலை வலையால் எடுங்கள். இறால் சின்னதாக இருந்து விற்க முடியாது என்றால் அப்படியே விடுங்கள். மதகை மூடியே வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு வாரமாவது தேக்கி வைத்த பிறகு தண்ணீரை வெளியேற்றுங்கள். பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்த இடத்தில் நிற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பயிர் போய்விட்டது. தீவனக் கடன் நிற்கிறது. இந்த நேரத்தில் அவர் கையில் இருந்து இன்னும் பல ஆயிரம் செலவழித்து பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும். அதனால் அவருக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை. காப்பாற்றப்படுவது அடுத்தவர் பயிர். 'எனக்கு நோய்' என்று சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பார், கடன்காரர் வாசலுக்கு வருவார். சொல்லாமல் ராத்திரியில் மதகைத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

இறால் நோய் மேலாண்மையின் மையப் பிரச்சினை இதுதான். கிருமியைப் பற்றிய அறிவு இருக்கிறது. நோயை மறைக்காமல் சொல்பவர் நஷ்டப்படாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதில்தான் ஓட்டை.

ஒன்றாகச் சேர்ந்தால் என்ன மாறும்?

இதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல பதில் முயன்று பார்க்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் (எம்பெடா), ஆசிய நாடுகளின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு வலையமைப்பான நாகாவும் சேர்ந்து ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் உள்ள மொகல்தூரு கிராமத்தில் பண்ணையாளர்களைக் குழுவாகச் சேர்த்தன. ஒரே வாய்க்காலைப் பயன்படுத்துபவர்கள் ஒரே நேரத்தில் குட்டையைக் காயப் போடுவது, சேர்ந்து குஞ்சு வாங்கிச் சோதிப்பது, யார் எப்போது தண்ணீர் விடுவது என்று பேசி முடிவெடுப்பது, நோய் வந்தால் மறைக்காமல் சொல்வது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அந்த முயற்சி தந்த நம்பிக்கையில் 2007-ல் நாக்சா என்ற தேசிய மையம் உருவானது. பல மாநிலங்களில் சிறு பண்ணையாளர் சங்கங்களை அது அமைத்தது.

கண்காணிப்புப் பக்கம், நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013-ல் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் சென்னை சிபா வளாகத்தில் அதன் அடுத்த கட்டத்துடன், இந்திய வெள்ளை இறாலின் மரபு மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுத் தாய் இறாலையே எப்போதும் நம்பியிருக்காமல் நம் கடலின் இனத்தை மேம்படுத்துவது அதன் நோக்கம். அதே ஆண்டு ஜூனில், பண்ணையாளர் போனிலிருந்தே நோயைப் புகார் செய்ய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியும் வந்தது.

ஆனா செயலி இருந்தால் மட்டும் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட மாட்டார். சொன்னால் இழப்பீடு வரும் என்ற உறுதி வேண்டும். நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பழகிப்போன நாட்டில், இறாலுக்குக் காப்பீடு வெகுகாலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அடிக்கடி மொத்தமாகச் சாகும் ஒன்றுக்குக் காப்பீடு தர கம்பெனிகள் தயங்கின. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ரூ.6,000 கோடியில் ஒப்புதல் கொடுத்த மீன்வளத் துணைத் திட்டத்தில், நீர்வாழ் உயிரின வளர்ப்புக் காப்பீட்டுக்கு ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டிருக்கிறது. நோய் வந்ததை ஒளிக்காமல் சொன்னவருக்குக் காப்பீட்டுப் பணம் சீக்கிரம் கிடைத்தால், மதகு மூடியே இருக்கும்.

இதில் ஊர்க்காரர்கள் எங்கே?

குட்டைத் தண்ணீர் வெளியே போவது பக்கத்துக் குட்டைக்காரரின் பிரச்சினை மட்டும் இல்லை. குட்டைகளால் குடிநீர் உப்பாகிறது, வயல் கெடுகிறது, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் போராடிய வரலாறு உண்டு. எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பை வழங்கியது. அதன் தொடர்ச்சியாக நடந்த விவாதங்களுக்குப் பிறகு 2005-ல் சட்டம் வந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உருவானது. பண்ணைப் பதிவு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குட்டை போன்ற விதிகள் அங்கிருந்து வருகின்றன. நோய் பரவாமல் தடுப்பதும் ஊர் நீரைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்தான்.

நாம சாப்பிடலாமா?

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். வெள்ளைப்புள்ளி வைரஸும் இ.எச்.பி.யும் மனிதர்களைத் தாக்குவதில்லை. அவை இறாலின் நோய்கள். நன்றாக வேகவைத்த இறாலில் இவற்றால் நமக்கு ஆபத்து இல்லை. வைப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் விஷயம் கொஞ்சம் வேறு. அதன் சில வகைகள், பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ கடல் உணவு சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும். வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைப்பது, முழுசாக வேகவைப்பது, பச்சை இறால் வெட்டிய பலகையில் சாலட் நறுக்காமல் இருப்பது, இவ்வளவு போதும்.

நாம் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மிச்சத்தைப் பற்றி. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கை வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒருவர் சோதிக்கிறார். நம் ஊர்ச் சந்தைக்கு வரும் இறாலையும் அதே கண்ணோடு சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. உள்நாட்டில் இறால் விற்பனையைக் கூட்ட வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது அந்தப் பேச்சு இன்னும் பலமானது. நம்மை நம்பி விற்க வேண்டும் என்றால் நமக்கும் அந்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும்.

அடுத்த தடவை இறால் பாக்கெட்டில் '40/60' மாதிரி எண் பார்த்தால், கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு அது என்று உங்களுக்குத் தெரியும். 40-க்கும் 80-க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு லாபமாகவோ கடனாகவோ மாறியிருக்கும். அதைத் தீர்மானித்ததில் அவர் போட்ட சுண்ணாம்புக்கும் பார்த்த பி.சி.ஆருக்கும் பங்கு உண்டு. வாய்க்காலின் மேல்பக்கத்துக் குட்டைக்காரர் மதகை மூடி வைத்தாரா என்பதற்கும் பங்கு உண்டு.